ரெண்டு கட்சியும் வேண்டாம்னா என்ன செய்யணும்? 49-ஓ, நோட்டா, புறக்கணிப்பு: எது எந்தக் கணக்கில் ஏறும்

பேட்டைக்காரன்
21.12.2025, இரவு 9.40

1967-ல இருந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர். ரோட்டைப் போட்டவன் ஆறு மாசத்துல பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுதான். தோண்டினவன் மூடாம போயிருதான். கேட்டா 'போன ஆட்சி'ங்கான். ஆட்சி மாறினப்பொறவு போய்க் கேட்டா இவனும் 'போன ஆட்சி'ங்கான். 2026-லயும் இதே ரெண்டு கூட்டணிதான் வாசல்ல வந்து கும்பிடப் போகுது. இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் போடுததா இல்ல.

வாட்ஸ்அப்ல மூணு விதமா சுத்துது. ஒண்ணு, 49-ஓ (ஓட்டுப் போட விருப்பமில்லன்னு சாவடியில பதிவு பண்ணுத விதி) எழுதிக் குடுத்தா எதிர்ப்பு ஓட்டா பதிவாகும். ரெண்டு, ஜெயிச்சவரை விட நோட்டா ஒரு ஓட்டு கூட வாங்கினா மறுதேர்தல், நின்ன அத்தனை பேருக்கும் தடை. மூணு, பாதிப் பேருக்கு மேல போகாம இருந்தா தேர்தலே செல்லாது. எது நிசம்? வெவரம் தெரிஞ்சவிய மட்டும் சொல்லுங்க. ஜனநாயகக் கடமைன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, அதை ரேஷன் கடைச் சுவத்துலயே படிச்சாச்சு.

கொக்கிரகுளம்
21.12.2025, இரவு 10.25

இரண்டும் மூன்றும் முழுப் பொய். முதலாவது பாதி உண்மை.

குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை. தொகுதியில் நூறு பேர் மட்டும் வந்து போட்டாலும், அதில் அதிகம் வாங்கியவர் எம்.எல்.ஏ.

நோட்டா முதலிடம் வந்தாலும் அதற்கு அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர். மறுதேர்தல், வேட்பாளருக்குத் தடை எல்லாம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் கிடையாது. அந்த வாட்ஸ்அப் செய்திக்கு ஒரு மூலம் இருக்கிறது: 2018-ல் மகாராஷ்டிர, அரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள், தங்கள் மாநில உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று உத்தரவு போட்டன. அதை யாரோ இந்தியா முழுக்க நீட்டிவிட்டார்கள்.

49-ஓ பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னால், 19-ம் தேதி வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லை என்றால் இந்தப் பேச்சு எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

ரதவீதி
21.12.2025, இரவு 11.02

பேட்டை அண்ணாச்சி, 'மாத்தி மாத்தி'ங்கது 2016-லயே நின்னு போச்சு. 1984-க்குப் பொறவு அப்பதான் ஆண்ட கட்சியே திரும்ப வந்துச்சு.

இன்னொண்ணு. 2024-ல திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதி மெஷின்ல உதயசூரியனே கிடையாது. கூட்டணியில காங்கிரசுக்குக் குடுத்தாச்சு. இரட்டை இலை இருந்துச்சு, அது டெபாசிட்டை விட்டுட்டுப் போச்சு. முதல் ரெண்டு இடமும் கைக்கும் தாமரைக்கும். ரெண்டு பேருக்கும் போட மாட்டேன்னு நீரு கோவிச்சிக்கிட்டுப் போனா, ஒருத்தர் வரவே இல்ல, இன்னொருத்தர் மூணாவது ஆளா நிக்காரு.

கொக்கிரகுளம்
22.12.2025, காலை 7.15

ரதவீதி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் மாவட்டத்தின் ஐந்து தொகுதியில் சூரியனும் இலையும் நேருக்கு நேர் மோதியது பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ராதாபுரம் மூன்றில் மட்டும். திருநெல்வேலியில் சூரியனுக்கு எதிரே தாமரை, நாங்குநேரியில் இலைக்கு எதிரே கை. இங்கே பலருக்குக் கோபம் கட்சி மேல் என்பதை விட, தொகுதி ஒதுக்கீட்டில் தன் ஊரைக் கேட்காமலே கைமாற்றிவிட்டார்கள் என்பதில்தான் அதிகம். அந்தக் கோபத்தைப் பதிவு செய்ய மெஷினில் பொத்தான் கிடையாது.

இனி 49-ஓ. தேர்தல் நடத்தை விதிகள் 1961-ல் உள்ள விதி இது. இன்னும் நீக்கப்படவில்லை. நடக்கும் முறை:

முதல் அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்து சத்தமாக வாசிப்பார். இரண்டாம் அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, சீட்டு தருவார். மூன்றாம் அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் யூனிட்டில் 'பேலட்' பொத்தானை அழுத்துவார். 17ஏ-யில் கையெழுத்துப் போட்ட பிறகு, ஓட்டுப் போடுவதற்கு முன்னால், 'எனக்கு வாக்களிக்க விருப்பம் இல்லை' என்று தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் 17ஏ-யின் குறிப்புக் கட்டத்தில் அதை எழுதி, பக்கத்தில் மறுபடி உங்கள் கையெழுத்தையோ கைரேகையையோ வாங்குவார். அவ்வளவுதான். தனி விண்ணப்பம், காரணக் கடிதம் எதுவும் இல்லை.

மாலையில், சாவடியில் பதிவான வாக்குக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தில் '49-ஓ விதிப்படி வாக்களிக்காதவர்கள்' என்ற வரியில் ஓர் எண்ணாக ஏறும். 17ஏ மொத்தத்தில் அதைக் கழித்துத்தான் மெஷின் எண்ணிக்கையோடு சரிபார்ப்பார்கள். முடிவு அறிவிப்பில் 49-ஓ என்று ஒரு வரியும் வராது. ஆகவே எதிர்ப்பு ஓட்டு என்பது தவறு. அது ஓட்டே இல்லை.

பெரிய குறை, ரகசியம் போய்விடும். முகவர்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் காரணத்துக்காகத்தான் உச்ச நீதிமன்றம் 27.9.2013 தீர்ப்பில் மெஷினிலேயே நோட்டா வைக்கச் சொன்னது.

வள்ளியூர்
22.12.2025, காலை 8.50

கொக்கிரகுளம் சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். மூணாவது அலுவலர் 'பேலட்' பொத்தானை அமுக்கின பொறவு ஒருத்தர் வேண்டாம்னு போயிட்டா, கன்ட்ரோல் யூனிட்ல 'பிஸி' விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பயப்பட வேண்டாம். அடுத்த வாக்காளரை நேரா மறைவுக்குள்ள அனுப்பணும், ஏற்கெனவே விட்ட ஓட்டை அவர் போட்டுக்கிடுவாரு. திரும்ப 'பேலட்' அமுக்கக் கூடாது.

சிக்கல் கடைசி வாக்காளர் அப்படிச் செஞ்சாத்தான். 'பிஸி' எரியும்போது 'க்ளோஸ்' வேலை செய்யாது. கன்ட்ரோல் யூனிட் பவரை அணைச்சு, விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டுல காட்டுத கருவி) இணைப்பைக் கழட்டி, மறுபடி போட்டா விளக்கு அணைஞ்சிரும். அப்பொறம் 'க்ளோஸ்'. இது தெரியாம சாயங்காலம் ஆறு மணிக்குமேல மண்டல அலுவலருக்குப் போன் போட்டு முழிக்கிற சாவடி உண்டு.

பேட்டைக்காரன்
22.12.2025, மதியம் 1.30

சரி, 49-ஓ வேண்டாம். நோட்டாவுக்கு என்ன பலன்? ஒண்ணுமே இல்லன்னா எதுக்கு அந்தப் பொத்தான்?

வள்ளியூர்
22.12.2025, இரவு 8.10

சட்டப்படி பலன் சுழியம். டெபாசிட் கணக்குல கூட வராது. பதிவான செல்லத்தக்க ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கினாத்தான் டெபாசிட் திரும்பும். அந்த 'செல்லத்தக்க'ல நோட்டாவைச் சேர்க்க மாட்டாவ. கணக்குக்குச் சொல்லுதேன்: மெஷின்லயும் தபால்லயும் சேர்த்து 1,82,000, நோட்டா 2,000ன்னா, வகுக்க வேண்டியது 1,80,000. ஆறுல ஒண்ணு 30,000. 30,000 வாங்கினவருக்குப் போச்சு, 30,001 வாங்கினவருக்குத் திரும்பக் கிடைக்கும். நோட்டாவைச் சேர்த்திருந்தா அவர் 30,334 வாங்கணும். ஆக நீங்க நோட்டாவுல போடுத ஓட்டு, தோக்குறவருக்கு டெபாசிட்டைக் காப்பாத்த லேசா உதவிகூடச் செய்யும்.

அரசியல் பலன் வேற. 2014-ல நீலகிரியில பாஜக வேட்பாளர் மனு தள்ளுபடி ஆச்சு, அங்க நோட்டா 46,559 வாங்கி மூணாவது இடம். 2024-ல இந்தூர்ல காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்துல வாபஸ் வாங்க, நோட்டா 2,18,674. ரெண்டுலயும் ஒண்ணைக் கவனியுங்க: ஒரு பெரிய சின்னம் மெஷின்ல இல்லாம போனப்பதான் நோட்டா எகிறுச்சு. சும்மா வெறுப்புல அந்த அளவு வராது. தமிழ்நாடு முழுக்க 2016-ல சுமார் 5.6 லட்சம், 2021-ல சுமார் 3.45 லட்சம். குறைஞ்சிருக்கு. கோவம் குறைஞ்சதுன்னு நான் நினைக்கல. சீமான் கட்சி மாதிரி மூணாவது, நாலாவது சின்னத்துக்கு ஒரு பகுதி போயிருக்கும்.

உங்க சாவடியில எவ்வளவுன்னு பாக்கணும்னா படிவம் 20. சாவடி வாரியா எல்லா வேட்பாளரும் நோட்டாவும் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்துல கிடைக்கும். சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், அதனால எண்ணைப் பாக்காம பள்ளிக்கூடத்துப் பேரை வச்சுத் தேடுங்க.

ரதவீதி
22.12.2025, இரவு 8.31

வள்ளியூர் அண்ணாச்சி ஊர்க்கதையைச் சொல்லாம விட்டுட்டீயளே. 49-ஓ பேசுத இடத்துல அந்த 49 ஓட்டை விடலாமா?

வள்ளியூர்
23.12.2025, காலை 6.45

ராதாபுரம் 2016. அதிமுக இன்பதுரை 69,590. திமுக அப்பாவு 69,541. வித்தியாசம் 49. அந்தத் தொகுதி நோட்டா இதைவிடப் பல மடங்கு.

ஆனா அந்தத் தகராறு நோட்டாவுல இல்ல, தபால் ஓட்டுல. 203 தபால் ஓட்டை, உறுதிமொழியில கையெழுத்துப் போட்ட தலைமை ஆசிரியருக்கு அத்தாட்சி குடுக்க அதிகாரம் இல்லன்னு தள்ளினாவ. உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர்ல அந்தத் தபால் ஓட்டையும் 19, 20, 21-ம் சுற்று மெஷினையும் திரும்ப எண்ணச் சொல்லுச்சு. அக்டோபர் 4-ம் தேதி எண்ணவும் செஞ்சாச்சு. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2021-ல சட்டமன்றக் காலமே முடிஞ்சு போச்சு.

இதுல இருந்து தேர்தல் வேலைக்குப் போறவங்க எடுத்துக்கிட வேண்டியது: தபால் ஓட்டுல மூணு உருப்படி. ஓட்டுச் சீட்டு சின்ன உறைக்குள்ள, அது 13பி. உறுதிமொழி 13ஏ அந்த உறைக்கு வெளிய தனியா. ரெண்டையும் பெரிய உறையில வைக்கணும், அது 13சி. எண்ணுத அன்னைக்கு முதல்ல 13ஏ-யைத்தான் பாப்பாவ. அதைச் சின்ன உறைக்குள்ள சீட்டோட சேர்த்து ஒட்டிட்டா, உள்ள யாருக்குப் போட்டிருந்தாலும் திறக்காமலே தள்ளுபடி. கையெழுத்து இல்லன்னாலும், அத்தாட்சி இல்லன்னாலும் அப்படித்தான். ரெண்டு கட்சியையும் திட்டுத ஆசிரியர்களே இதுல கோட்டை விடுதாவ.

அம்பை வாசகி
23.12.2025, காலை 11.20

வாக்குப்பதிவு குறைவு என்றாலே 'மக்கள் அலட்சியம்' என்று எழுதிவிடுகிறார்கள். 2024-ல் திருநெல்வேலி தொகுதியில் 64 சதவீதம், மாநிலம் 69.72. 2021-ல் மாவட்டத்திலேயே பாளையங்கோட்டைதான் கடைசி, 58-ஐக்கூடத் தொடவில்லை. இதில் எவ்வளவு அலட்சியம், எவ்வளவு பட்டியல் கோளாறு?

பெயர் ஊரில், ஆள் தாராவியிலோ திருப்பூரிலோ. செத்தவர் பெயர் நீக்கப்படாமல் கிடக்கும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு இரண்டு ஊரில் பெயர். இவர்கள் எல்லாரும் 'ஓட்டுப் போடாதவர்' கணக்கில்தான் இத்தனை நாளும் இருந்தார்கள்.

இப்போது வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் மாநிலம் முழுக்க 6.41 கோடி பெயர் 5.43 கோடியாகிவிட்டது. நீக்கியது 97 லட்சத்துக்கு மேல். அதில் இறந்தவர் சுமார் 27 லட்சம், இடம் மாறியவர், ஆள் இல்லாதவர் என்று 66 லட்சம், மீதியில் பெரும்பகுதி இரட்டைப் பதிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-ல் 6.23 கோடி வாக்காளரில் 69.72 சதவீதம் என்றால் ஏறக்குறைய 4.34 கோடி பேர். அதே 4.34 கோடி பேர், ஒருவர்கூடக் கூடாமல், 5.43 கோடிப் பட்டியலில் போட்டால் 80 சதவீதம். 2026-ல் சதவீதம் பத்து ஏறிவிட்டது, மக்கள் எழுச்சி என்று தலைப்புப் போடுவார்கள். இறுதிப் பட்டியலில் சில லட்சம் பேர் சேர்ந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சதவீதத்தை விட்டுவிட்டு, போட்ட ஆட்களின் எண்ணிக்கையை 2021-ஓடு ஒப்பிடுங்கள்.

களக்காடு
23.12.2025, மதியம் 3.05

அக்கா சொன்னது சரி. ஆனா நீக்கினதுல உசிரோட ஊர்லயே இருக்கவங்களும் மாட்டியிருக்கலாம்லா? அதையும் எழுதுங்க. என்ன செய்யணும்?

அம்பை வாசகி
23.12.2025, மாலை 6.40

வரைவில் பெயர் இல்லையென்றால் படிவம் 8 செல்லாது. பட்டியலில் இருப்பவர் முகவரி மாற்றவும், பெயர் திருத்தவும், அட்டை மாற்றவும்தான் 8. விடுபட்டவருக்குப் படிவம் 6, கூடவே இந்தத் திருத்தத்துக்கென்றே உள்ள உறுதிமொழிப் படிவம். அதில் 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயரோ, தாய் தந்தை பெயரோ இருந்த தொகுதி, பாகம் எண், வரிசை எண் கேட்பார்கள். பழைய பட்டியலில் தேடும்போது இப்போதைய தொகுதியில் தேடினால் கிடைக்காது. 2008 மறுவரையறைக்கு முந்தைய எல்லை அது. அப்போது சேரன்மகாதேவி என்று ஒரு தொகுதியே இருந்தது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அம்பை, நாங்குநேரி என்று தேடிவிட்டு 'இல்லை' என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொரு பெயர் மேல் ஆட்சேபம் சொல்லப் படிவம் 7. அறிவிப்பில் சொன்ன கடைசி நாள் 18.1.2026. பிஎல்ஓ-விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்குங்கள். 'நான் பாத்துக்கிடுதேன்' என்பது ஒப்புகை ஆகாது. ஆன்லைனில் போட்டால் வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதை வைத்தே கேளுங்கள். 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் பண்ணினாலும் அந்த எண்தான் கேட்பார்கள்.

ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது, அதனால் பெயரும் இருக்க வேண்டும் என்று சண்டை போடுபவர்களுக்கு: 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 20 தெளிவாகச் சொல்கிறது, வீடு சொந்தம் என்பது மட்டும் போதாது, வழக்கமாக அங்கே குடியிருக்க வேண்டும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 2024-க்குப் பிறகு கீழே இறங்கியவர்களுக்கு இது எதிர்ப்பக்கமாக வெட்டும். எஸ்டேட் முகவரியில் பெயர் போயிருந்தால், வாடகை வீடாக இருந்தாலும் இப்போது குடியிருக்கும் முகவரியில் படிவம் 6 போடுங்கள். மேலே வழக்கு, பட்டா, மறுவாழ்வு எல்லாம் தனி. அது முடியும்வரை பெயர் இல்லாமல் இருக்கத் தேவையில்லை.

ரதவீதி
24.12.2025, காலை 9.15

ரெண்டு கட்சியையும் பிடிக்கலைன்னு ஆரம்பிச்ச இழை, ரெண்டு கட்சிக்கும் பூத் ஏஜெண்டு வேலை பாத்துக்கிட்டு இருக்கு.

களக்காடு
27.12.2025, இரவு 9.50

புறக்கணிப்பு பத்தி யாரும் தொடல. நம்ம பக்கத்துல அதுதான் அதிகம். கறுப்புக் கொடி கட்டி, ஊர் முகப்புல பேனர் வச்சு.

பெரிய உதாரணம் 2019 அக்டோபர் நாங்குநேரி இடைத்தேர்தல். தேவேந்திரகுல வேளாளர்னு ஒரே பேர்ல அறிவிக்கணும்னு பல கிராமங்கள்ல ஓட்டுப் போகல. தேர்தல் செல்லுச்சு, அதிமுக ஜெயிச்சுது. கோரிக்கை 2021-ல நாடாளுமன்றச் சட்டமா வந்துச்சு. புறக்கணிப்பாலதான் வந்ததுன்னு ஒத்தை வரியில சொல்ல மாட்டேன். பல வருசப் போராட்டம் அது, 2021 தேர்தலும் வாசல்ல நின்னுச்சு. ஆனா பல ஊர் ஒண்ணா, ஒரே கோரிக்கையோட நின்னதால கணக்குல ஏறுச்சு.

ஒத்தை ஊர் ரோட்டுக்காகவும் தண்ணிக்காகவும் புறக்கணிக்கும்போது வழக்கமா தப்புறது நேரம். தேதி அறிவிச்சு நடத்தை விதி வந்த பொறவு பேனர் வைப்பாவ. தாசில்தாரும் பிடிஓ-வும் பேச்சுவார்த்தைக்கு வருவாவ. அவிய நினைச்சாலும் புது வேலைக்கு உத்தரவு போட முடியாது, விதி தடுக்கு. 'தேர்தல் முடிஞ்சதும் செய்யுதோம்'பாவ. மதியம் மூணு மணிக்கு ஊர் ஓட்டுப் போடப் போயிரும். கையில ஒண்ணும் இருக்காது.

செய்யுததா இருந்தா அறிவிப்புக்கு ரெண்டு மாசம் முன்னாலயே, கோரிக்கையை ஒத்தை வேலையாச் சுருக்கி (இந்த ஓடைக்கு இத்தனை மீட்டர்ல பாலம்னு), திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்து எண் வாங்கணும். பேச்சுவார்த்தை நடந்தா அன்னைக்கே கூட்டக் குறிப்பு எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. அதுல மதிப்பீடு எந்தத் திட்டத்துல, எந்த அலுவலகம் தயாரிக்கும்னு இருக்கணும். 'ஆவன செய்யப்படும்'னு எழுதினா அந்தத் தாளை வாங்கவே வாங்காதீங்க.

கொக்கிரகுளம்
28.12.2025, காலை 7.30

களக்காடு சொன்ன நேரக் கணக்கு மிகச் சரி. ஒரு சிறு திருத்தம்: ஏற்கெனவே ஒப்பந்தம் முடிந்து களத்தில் தொடங்கிவிட்ட வேலையை நடத்தை விதி நிறுத்தாது. ஆகவே பாதியில் நிற்கும் வேலைக்காகப் புறக்கணிப்பவர்கள், 'விதி தடுக்கிறது' என்ற பதிலை ஏற்க வேண்டாம். வேலை ஆணை எந்தத் தேதி என்று கேளுங்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். இப்போது போட்டால்தான் அறிவிப்புக்கு முன்னால் பதில் வரும்.

பேட்டைக்காரன்
28.12.2025, இரவு 10.05

அப்ப நாமளே ஒருத்தரை நிப்பாட்டினா என்ன? சுயேச்சையா. ஊர்க் காசு பத்தாயிரம்.

வள்ளியூர்
29.12.2025, மாலை 5.20

பத்தாயிரம் டெபாசிட் மட்டும். எஸ்சி, எஸ்டி வேட்பாளருக்கு ஐயாயிரம். மிச்சத்தைக் கேளுங்க.

வேட்புமனு படிவம் 2பி. அங்கீகாரம் உள்ள கட்சிக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளரா இருக்கணும், பாகம் எண், வரிசை எண் பிசகக் கூடாது. சுயேச்சை மனு தள்ளுபடியாகுறதுல இதுக்குப் பெரிய பங்கு. பக்கத்துத் தெரு பாளைத் தொகுதியில இருக்கும், நீங்க நெல்லைத் தொகுதியில இருப்பீங்க, பாத்து எழுதுங்க. இந்தத் தடவை பட்டியல் புதுசு, பழைய வரிசை எண்ணை நம்பி எழுதினா பத்தும் போச்சு.

படிவம் 26 பிரமாணப் பத்திரம், நோட்டரி முன்னால. ஒரு கட்டத்தையும் காலியா விடக் கூடாது. இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுதணும். மனு போடுததுக்கு ஒரு நாளாவது முந்தித் தேர்தல் செலவுக்குன்னு தனி வங்கிக் கணக்கு. செலவு வரம்பு 40 லட்சம், அது நமக்குக் கவலை இல்ல. ஆனா நாலாயிரம் ரூபாய் செலவு பண்ணினாலும் முடிவு வந்த முப்பது நாளுக்குள்ள கணக்குத் தாக்கல் பண்ணணும். பண்ணலைன்னா மூணு வருசம் போட்டியிடத் தடை வரலாம். தோத்ததோட மறந்துபோய் மாட்டின சுயேச்சை நிறைய.

முகவர் இல்லாத சுயேச்சை நின்னதுக்கு அர்த்தமே இல்ல. சாவடி முகவருக்குப் படிவம் 10, எண்ணுத இடத்துக்குப் படிவம் 18. சாயங்காலம் 17சி நகல் முகவருக்குத்தான் தருவாவ.

ரதவீதி
29.12.2025, இரவு 7.45

பத்துப் பேர் முன்மொழியணும்னு வந்ததே மொடக்குறிச்சிப் புண்ணியம். 1996-ல அங்க 1,033 பேர் நின்னாவ, பெரும்பாலும் விவசாயிங்க, எதிர்ப்பைக் காட்ட. ஓட்டுச்சீட்டு புத்தகமாயிருச்சு, தேர்தலை ஒரு மாசம் தள்ளினாவ. அதுவரைக்கும் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாய். அதை ஐயாயிரமாக்கினாவ, 2010-ல பத்தாயிரம். ரெண்டு கட்சியையும் எதிர்த்து நின்னதுல கடைசியா விலை ஏறினது சுயேச்சைக்குத்தான்.

களக்காடு
2.1.2026, இரவு 9.10

ரெண்டு கட்சியும் வேண்டாம்ங்கவங்களுக்குச் சட்டமே ஒரு இடம் குடுத்திருக்கு, யாரும் கண்டுக்கிடல. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்ல கட்சிச் சின்னம் கிடையாது. நாலு ஓட்டுச்சீட்டுல ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சையிலயும் மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள்லயும்தான் கட்சி. நம்ம மாவட்டத்துல 2021 அக்டோபர்ல நடந்தது, அதனால காலம் 2026 அக்டோபர்ல முடியுது. சட்டமன்றத்துக்குக் காட்டுத கோவத்துல கால் பங்கை அதுக்கு ஒதுக்குங்க.

வருசத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதுக்கு மேல 300 பேர் வரணும். நடக்குற கோளாறு இதுதான்: வந்ததும் வருகைப் பதிவுன்னு ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கிருவாவ, தீர்மானம் அப்பொறமா அலுவலகத்துல எழுதப்படும். தீர்மானத்தை அங்கேயே எழுதி, சத்தமா வாசிச்சு, அதுக்குக் கீழ கையெழுத்துப் போடணும். நடுவுல வெத்து வரி இருந்தா கோடு இழுத்து அடைங்க. மறுநாள் நகல் கேட்டு மனு.

அம்பை வாசகி
3.1.2026, காலை 10.30

கிராமத்துக்கு அது சரி. மாநகராட்சிக்காரர் பேட்டை அண்ணாச்சிக்கு? 2022 நகர்ப்புறத் தேர்தலில் நோட்டாவே இல்லை, விவிபேட்டும் இல்லை. திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டில் பெரும்பான்மை ஒரே கட்சிக்கு. பிறகு அதே கட்சிக் கவுன்சிலர்களே மேயரோடு மோதி, 2024 ஜூலையில் மேயர் ராஜினாமா, ஆகஸ்டில் நடந்த மேயர் தேர்தலிலும் அதே கட்சிக்காரர் இருவர் எதிரெதிராக. எதிர்க்கட்சிக்கு அங்கே வேலையே இல்லை. 'ரெண்டு கட்சி' என்பதே அங்கே பொருந்தாது. பகுதி சபை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. வார்டில் எந்தத் தேதியில் நடந்தது, யார் வந்தார்கள், என்ன தீர்மானம் என்று தகவல் உரிமையில் கேளுங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

பேட்டைக்காரன்
10.1.2026, இரவு 9.20

கேக்குதேன். கடைசியா ரெண்டு சந்தேகம். நாம போகாம இருந்தா நம்ம ஓட்டை வேற ஆளு போட்டுருவான்னு சொல்லுதாவளே, போய் நின்னா 'ஏற்கெனவே போட்டாச்சு'ன்னு சொன்னா என்ன பண்ண? ரெண்டாவது, வேட்பாளர் அதிகமாகி ரெண்டு மெஷின் வச்சா நோட்டா எதுல இருக்கும்?

கொக்கிரகுளம்
11.1.2026, காலை 7.05

முதலாவது, திரும்பிப் போகாதீர்கள். அடையாளத்தைக் காட்டித் தலைமை அலுவலரிடம் '49-பி (49-P) விதிப்படி டெண்டர் ஓட்டு' என்று கேளுங்கள். 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாள் ஓட்டுச்சீட்டு தருவார். மெஷினில் போட விடமாட்டார்கள். அந்தச் சீட்டை எண்ணிக்கை நாளில் எண்ணவும் மாட்டார்கள், நீதிமன்றம் கேட்டால்தான் உறை திறக்கும். ராதாபுரம் மாதிரி 49-ல் முடிந்தால் அந்த உறைகளுக்கு உயிர் வரும். வேறு ஆள் உங்கள் பெயரில் வரும்போதே முகவர் பார்த்துவிட்டால் ஆட்சேபம் சொல்லலாம், அதற்குக் கட்டணம் இரண்டு ரூபாய். இன்னும் இரண்டு ரூபாய்தான். முகவர்கள் சில்லறை கொண்டுபோவதில்லை.

இரண்டாவது, ஒரு பேலட் யூனிட்டில் 16 பொத்தான். 15 வேட்பாளர் வரை நோட்டா அதிலேயே கடைசி. 16 பேர் நின்றால் முதல் யூனிட் நிறைந்துவிடும், இரண்டாவது யூனிட்டின் முதல் பொத்தானாக நோட்டா மட்டும் தனியாக இருக்கும். எத்தனை யூனிட் வைத்தாலும் கடைசி வேட்பாளருக்கு அடுத்ததுதான். முதலில் அழுத்தியது மட்டுமே பதிவாகும். இரண்டு மெஷின் இருக்கிறதே என்று இரண்டிலும் ஒவ்வொன்றை அழுத்தினால் இரண்டாவது அழுத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. விவிபேட்டில் சீட்டு ஏழு விநாடி தெரியும், அதையும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

ரதவீதி
11.1.2026, காலை 8.40

ரெண்டு ரூபாய்ச் சில்லறை டவுன்லயே கிடைக்காது சார். இன்னைக்கே சேர்க்க ஆரம்பிச்சாத்தான்.